தொடும் தூரம்

உங்கள் போலீஸ் நிலையத்தில் கோப்பி நன்றாக இருக்கிறது. பால் சற்றுத் தூக்கல். ஆனாலும் சூடாகக் கொடுக்கிறீர்கள், அது போதும். நாற்காலி வேண்டாம் ஐயா, நான் நடந்துகொண்டே பேசுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவேன். கல்யாணப் பந்தியில் இலையில் பாதி இருக்கும்போதே எழுந்து, மரியாதை தெரியாதவன் என்று திட்டு வாங்கியிருக்கிறேன். நீங்கள் எழுதுவதற்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், ஜன்னலோரமாகவே நடக்கிறேன்.

நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் தாளைப் படித்தேன். ‘இரத்தப் பரிசோதனைக்கூட உதவியாளர் தங்கராஜு, வயது முப்பத்தெட்டு, இரத்தப் பொருத்தம் பார்ப்பதில் காட்டிய கவனக்குறைவால் அறிவழகன் என்ற எட்டு மாதக் குழந்தை இறந்தது.’ பெயர் சரி, வயது சரி, குழந்தை இறந்ததும் சரி. கவனக்குறைவு என்பதுதான் தவறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு குப்பியில் பெயர் மாற்றி ஒட்டியவன் இல்லை நான். அந்தச் சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைத் திருத்தத்தான் லாக்கப்பிலிருந்து நானாகவே கேட்டு உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

குழந்தையின் பாட்டி சிவகாமசுந்தரி அக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தேக்கா சந்தையில் அரைத்த மசாலா விற்பவர். மீனா கறியா என்று மட்டும் கேட்பார். ஐந்தாறு கிண்ணத்திலிருந்து வழித்து இலையில் வைத்து மடித்துக் கொடுப்பார். புருஷன் போன பிறகு ஒரே மகள் சந்திரமதியை அந்தக் கடையை வைத்துத்தான் வளர்த்தார். அறுபத்தொன்றில் எங்கள் தலைவர் டாக்டர் அப்துல் அலீம் ஊர் முழுக்க இரத்தம் எடுத்து வரச் சொன்னபோதுதான் எனக்கு அவர் பழக்கமானார். துறைமுகம், சந்தை, பள்ளிக்கூடம் என்று ஊசியும் குப்பியுமாக நான் அலைந்தேன். அலைகிற வேலை என்றால் எனக்குக் கசக்குமா?

இரத்தத்தின் சிவப்புப் பொருள் ஒரு புரதம். ஒரு சொட்டை ஈரக் காகிதத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அது மெல்ல ஓடும். எல்லாருடையதும் ஒரே இடத்தில் ஒரே கோடாக நிற்கும். அக்காவுடையது இரண்டு கோடாக நின்றது. பாதி வழக்கமான இடத்தில். மீதி ஓர் அரிசி அகலம் பின்தங்கி. விடுவேனா நான்? மறுநாளே சந்திரமதியிடம் எடுத்தேன், அவளுக்கும் இரண்டு கோடு. குவீன்ஸ்டவுனில் இருந்த அக்காவின் தம்பிக்கும் இரண்டு. தம்பி மகன் அழகப்பன், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன், அவனுக்கும் இரண்டு. நான்கு பேரும் கல்லுக் குண்டாட்டம் இருந்தார்கள். டாக்டர் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பதில் நாலே வரி. அந்தப் புரதச் சங்கிலியில் நூற்று நாற்பத்தாறு அமினோ அமிலங்கள். அதில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

ஒன்று மாறினால் என்ன ஆகும்? எனக்குத் தூக்கம் போனது அந்தக் கேள்வியால்தான்.

புரிகிற மாதிரி சொல்கிறேன். புரதம் என்பது அமினோ அமிலங்களை மணியாகக் கோத்த மாலை. மாலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி உருட்டினால் பத்தாவது மணியும் நூறாவது மணியும் உரசிக்கொண்டு கிடக்கும். நூலில் எட்ட இருந்தவை உருண்டையில் ஒட்டி இருக்கும். அந்த ஒட்டுதலில்தான் உருண்டை குலையாமல் நிற்கிறது. எந்த மணி எந்த மணியைத் தொடுகிறது என்று தெரிந்துவிட்டால், எதை மாற்றினால் குலையும் என்பதும் தெரிந்துவிடும். டாக்டர் ஒரு வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு அறுபத்து மூன்று தொடக்கத்தில் திரும்பியபோது, தசையில் இருக்கும் ஒரு புரதத்தின் வடிவ அளவுகளைக் கொண்டு வந்தார். இரத்தப் புரதத்தின் சங்கிலியும் அதே வார்ப்பில்தான் மடிந்திருக்கிறது. அதை வைத்துப் பித்தளைக் கம்பியால் ஓர் உருவம் கட்டினோம். அறை பாதியை அடைத்துக்கொண்டது. அதன் ஒவ்வோர் இடத்திலும் இரத்தப் புரதத்தின் அமினோ அமிலப் பெயரை எழுதிச் சீட்டுக் கட்டியது நான்.

அளந்ததும் நான்தான். தேக்காவில் பூக்கட்டும் நூல் ஒரு கண்டு வாங்கி, எட்டு எட்டு சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டேன். எங்கள் உருவத்தின் கணக்கில் அதுதான் தொடும் தூரம். ஒரு துண்டு இரண்டு மணிகளுக்கு நடுவே எட்டினால் கட்டத்தாளில் அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவேன். எட்டாவிட்டால் வெள்ளை. சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவற்றை அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பது தொடத்தான் செய்யும், அதில் செய்தி ஒன்றும் இல்லை. அப்படியும் பத்தாயிரம் ஜோடிக்கு மேல். குனிந்து, நிமிர்ந்து, ஏணியில் ஏறி, அடியில் படுத்து. ஒன்றரை வருடம் அளந்தேன். அறுபத்து நாலில் கலவரம் வந்து ஊரடங்கு போட்ட நாட்களில் வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் சுவரில் நகத்தால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி பயந்துபோய் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்புறம் திரும்பி வரவில்லை. அது கிடக்கட்டும்.

அட்டவணை முடிந்தது. மாறியிருந்த அந்த மணி, என் கணக்குப்படி, உருண்டையின் உள்பக்கம் பார்த்து இருந்தது. சுற்றிலும் ஐந்து மணிகள், ஐந்து பேர் மாதிரி நெருக்கிக்கொண்டிருந்தன. அந்த இடுக்கில் புதிய மணி அடங்காது. அடங்காவிட்டால் உருண்டை நிற்காது, அணுக்கள் சிதறி இரத்தம் உடைய வேண்டும். ஓட்டமாக ஓடி டாக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“என்னப்பா இது, நாலு பேரும் நல்லாத்தானே இருக்காங்க?”

“பாதி நல்ல புரதம் இருக்கே சார். அது தாங்குது. ரெண்டு பக்கமிருந்தும் இதே வந்தா, முழுக்க இதுவா இருந்தா, தாங்காது.”

“அப்படி யாரும் இல்லையே, தங்கராஜு. பொம்மையை அளந்து நோயைச் சொல்லிட முடியாது. அட்டவணையைப் பத்திரமா வைங்க. அப்படி ஒருத்தர் கிடைச்சா பார்ப்போம்.”

நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றரை வருட உழைப்பை ஒரு வாயில் பொம்மை என்று சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது ஐயா, மறைக்க மாட்டேன். கிடைத்தால் பார்க்கலாமாம். கிடைக்கும் வரை அந்தத் தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பது?

அந்தச் சமயத்தில் சந்திரமதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராஞ்சிப் பக்கம் தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருவர், இராமசாமி என்று பெயர். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு நாளும் குறித்துவிட்டார்கள். அக்கா வாய் கொள்ளாத சிரிப்போடு பரிசோதனைக்கூடத்துக்கு வந்து எனக்கு ஒரு பொட்டலம் மீன் மசாலா கொடுத்துவிட்டுப் போனார். சந்திரமதிக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவர் எழுதிய கட்டுரை பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருந்தாள்.

நான் வாத்தியாருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு, அம்மாவும் மகளும் மறைக்கிறார்கள் என்று இரண்டே வரி. இடது கையால் எழுதினேன். பூன் லே பக்கம் போய் அங்கிருந்த பெட்டியில் போட்டேன். தேக்கா முத்திரை விழக்கூடாது அல்லவா. ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு நின்றது. இதைச் சொல்வதற்குக் காரணம், நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சந்திரமதி கூடத்து வாசலில் வந்து அழுதாள். “யாருண்ணே எழுதியிருப்பாங்க? நாங்க யாருக்கு என்ன பண்ணோம்?” என்று கேட்டாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்தது தானாக நடந்தது. இடம் தவறிப்போன பெண்ணை வெளியில் யாருக்குக் கொடுப்பது? மாமன் மகன் இருக்கிறான், முறை இருக்கிறது. அழகப்பனுக்கும் விருப்பம். ஆனால் அக்கா படித்தவர்கள் சொல்வதைக் காதில் வாங்குகிறவர். மறுபடி என்னிடம்தான் வந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்டவன் எல்லாரும் அவருக்கு டாக்டர்தான்.

“சொந்தத்துல கட்டுனா பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு பேப்பர்ல போடுறாங்களே தம்பி. நீங்க எங்க எல்லார் ரத்தமும் பார்த்தவங்க. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்.”

“ரெண்டு பேர் ரத்தமும் ஒரே மாதிரி இருக்கு அக்கா. இந்தப் பொருத்தம் ஊர்ல வேற எங்கேயும் கிடைக்காது” என்றேன்.

இதில் ஒரு சொல் பொய் உண்டா? அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அறுபத்தைந்து தை மாதம் கல்யாணம் நடந்தது. நான்தான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டேன். சந்திரமதி நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. பந்தியில் முழுச் சாப்பாடும் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றால் நம்புவீர்களா?

முதல் குழந்தை பெண். தொப்புள்கொடி இரத்தம் எடுத்து வைத்தேன். ஆனால் பிறந்த குழந்தையின் இரத்தப் புரதம் வேறு வகை. ஐந்தாறு மாதத்தில்தான் பெரியவர்களுடையது வந்து நிரம்பும். ஆறு மாதம் நிலைகொள்ளாமல் அலைந்தேன். ஞாயிறு தவறாமல் குவீன்ஸ்டவுனுக்குப் பஸ் ஏறிப் போவேன். குழந்தையின் கண் இமையை இழுத்துப் பார்ப்பேன். எத்தனை பாசம் பாருங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஆறாம் மாதம் குதிகாலில் குத்திச் சொட்டெடுத்தேன். இரண்டு கோடு. அம்மாவைப் போலவே. நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் அன்றைக்குக் குழந்தைக்கு வாங்கிப் போயிருந்த கிலுகிலுப்பையைக் கொடுக்கவும் மறந்து திரும்பிவிட்டேன்.

அதோடு அவர்கள் போதும் என்றார்கள். சின்னக் குடும்பம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம். சந்திரமதி கிளினிக்குக்குப் போய் ஆலோசனைகூடக் கேட்டு வந்துவிட்டாள். மறுபடி தையல் வேலைக்குப் போக ஆசை. “ஒண்ணு போதும்ணே, வேணாம் லா, என்னால முடியலை” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அவளிடம் வாதாடவில்லை. அக்காவின் கடைக்குப் போய், ஆண் பிள்ளை இல்லாத வீடு ஒரு வீடா என்று மட்டும் கேட்டுவைத்தேன். அழகப்பனிடமும் அதையே வேறு மாதிரி சொன்னேன். மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வருடம் திரும்புவதற்குள் அவள் முழுகாமல் இருந்தாள்.

அறுபத்தேழு அக்டோபரில் பையன் பிறந்தான். அறிவழகன் என்று பெயர் வைத்தது நான்; என்னைத்தான் கேட்டார்கள். அழுத்தமான பையன். என் விரலைப் பிடித்தால் விடமாட்டான். ஐந்தாம் மாதம் முடிந்ததும் சொட்டெடுத்துக் காகிதத்தில் ஓடவிட்டேன். ஒரே கோடு ஐயா. அந்தப் பின்தங்கிய கோடு மட்டும். வழக்கமான இடத்தில் ஒன்றுமே இல்லை. உலகத்திலேயே அப்படி ஒருவர் கிடையாது, என் கண் முன்னால் கிடைத்துவிட்டான். கூடத்தை விட்டு இறங்கி, சிராங்கூன் சாலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு தடவை நடந்தேன். அன்றைய சந்தோஷத்தை என்னால் சொல்லி முடியாது.

அடுத்த மூன்று மாதம்தான் நரகம். பையன் கொழுகொழுவென்று இருந்தான். தவழ்ந்தான். இட்லியைப் பிசைந்து ஊட்டினால் இன்னும் கேட்டான். நான் ஒவ்வொரு ஞாயிறும் போய் அவன் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவேன், செக்கச்செவேல் என்று இருக்கும். அட்டவணையை எடுத்து மறுபடி மறுபடி பார்த்தேன். ஐந்து பேர் நெருக்குகிறார்கள். எப்படித் தாங்குகிறது? டாக்டரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. நோயும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை காலை வந்தது. சந்திரமதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்கு ஓடி வந்தாள். உடம்பு மஞ்சள். உதடு வெளுத்துக் காகிதம். சிறுநீர் கோப்பி நிறம். இரத்தம் உடைகிறது, மடமடவென்று. டாக்டர் அலீம் ஒரு மாநாட்டுக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். வார்டு டாக்டர் இளைஞர். உடனே ஒரு பாட்டில் இரத்தம் ஏற்ற வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்பினார். அந்த வாரம் பொருத்தம் பார்க்கும் முறை என்னுடையது.

தேக்காவிலிருந்து நாலு பேர் இரத்தம் கொடுக்க வந்துவிட்டார்கள். வாழைப்பழக் கடை மாணிக்கம், அவர் அண்ணன், ஆட்டிறைச்சி வெட்டும் அப்துல் கஃபார், சந்தை வாசலில் நிற்கும் மலாய்க்காரக் காவலாளி ஒருவர். கடையைப் போட்டது போட்டபடி வந்திருந்தார்கள். கஃபார் பாய் சட்டையில் கறை உலரவில்லை. நாலு பேரிடமும் எடுத்தேன். கொடுப்பவர் இரத்தத்தில் ஒரு துளியைக் குழந்தையின் இரத்த நீரோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பொருத்தம். திரி திரியாகக் கட்டினால் ஆகாது. எதுவும் கட்டவில்லை. நாலு பேருடையதும் அருமையாகப் பொருந்தியது.

பதிவேட்டில் நாலுக்கும் ‘பொருந்தவில்லை’ என்று எழுதினேன்.

கவனக்குறைவாக அல்ல. யோசித்து எழுதினேன். ஒரு பாட்டில் ஏற்றிவிட்டால் வாழைப்பழக்காரர் இரத்தமும் அந்தக் குழந்தையினுடையதும் கலந்துபோகும். பிறகு மூன்று மாதத்துக்கு எதைச் சோதித்தாலும் அதில் அர்த்தம் இல்லை. அந்த நோய் முழு வேகத்தில் இருக்கும்போது, கலப்பில்லாத இரத்தம் எனக்கு வேண்டும். குலையக்கூடிய புரதமாக இருந்தால், இளஞ்சூட்டில் வைத்ததும் பால் திரிந்த மாதிரி கலங்கும். அந்தக் கலங்கலைக் கண்ணால் பார்த்தால் போதும், அட்டவணை பொம்மை இல்லை என்று ஆகிவிடும்.

புதன்கிழமை எடுத்த இரத்தம் கலங்கவில்லை. தெளிவாக இருந்தது. சூடு போதவில்லை என்று நினைத்தேன். வியாழன் எடுத்தேன், அதுவும் தெளிவு. அதனால்தான் வெள்ளியும் வேண்டியிருந்தது. வார்டு நர்ஸ் ஆமினா பீவி, “இன்னுமா எடுக்கிறீங்க? அந்தப் புள்ளை உடம்புல என்ன இருக்கு இனிமே?” என்று கேட்டார். பொருத்தம் பார்க்கத்தான் என்றேன். வேறு இடத்திலிருந்து இரத்தம் வரவழைக்கட்டுமா என்று வார்டு டாக்டர் கேட்டபோது, நானே சொல்லியனுப்பிவிட்டேன், நாளைக்கு வருகிறது என்றேன். அவரும் நம்பினார்.

நடைபாதையில் உட்கார்ந்திருந்த மாணிக்கம் எழுந்து வந்தார். “தம்பி, நல்லாப் பாருங்க. நான் போன வருசம் கொடுத்திருக்கேன். யாருக்கும் சேரும்னு சொன்னாங்களே?” சட்டைக் கையைச் சுருட்டி மறுபடி கையை நீட்டினார். “இது தனி வகை ரத்தம்ணே” என்றேன். அதுவும் உண்மைதானே?

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசி மாதிரி எடுத்தேன். விரலைக் கொடுத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. பன்னிரண்டே காலுக்குப் போய்விட்டான். சந்திரமதி அழவில்லை, அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி என்று உட்கார்ந்திருந்தாள். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நாலு நாளா நீங்க ஒரு இடத்துல உக்காரலையே தம்பி, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றார். அந்தக் கடைசி மாதிரியும் தெளிவாகவே இருந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் லீலா, ஐஸ் பெட்டியில் நாலு பேர் குப்பியும் இருப்பதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே தானாகப் பொருத்தம் பார்த்திருக்கிறாள். நாலும் பொருந்துகிறது என்று டாக்டர் அலீம் திரும்பியதும் சொல்லிவிட்டாள். என் கை தவறிவிட்டது என்றுதான் அவர்கள் இருவரும் இன்றுவரை நினைக்கிறார்கள். நானும் அப்போது வாய் திறக்கவில்லை. ஏனென்றால் டாக்டரிடம் என் அட்டவணையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஒரே கோடு ஓடிய காகிதத்தையும் அட்டவணையையும் அவர் மேசையில் விரித்தேன்.

அவர் வெகு நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து முதல் வளைவில் வைத்தார்.

“இங்க ரெண்டு கட்டம் காலியா விட்டீங்களா?”

தசைப் புரதம் கொஞ்சம் நீளம் ஐயா. அந்த வார்ப்பில் இரத்தப் புரதத்தைப் பொருத்தும்போது முதல் வளைவில் இரண்டு இடத்தை வெறுமனே விட்டுவிட்டு மேலே எண்ண வேண்டும். நான் விடவில்லை. காலிக் கட்டம் எனக்கு ஆகாது, நிரப்பிக்கொண்டே போய்விட்டேன். அதற்கு அப்புறம் வருகிற இடம் சுருள் படிக்கட்டு மாதிரி. இரண்டு படி தள்ளி நின்றால் உள்ளே பார்த்தது வெளியே பார்க்கும். டாக்டர் நூலை எடுத்துச் சரியான இடத்தில் பிடித்தார். அக்கா குடும்பத்தின் அந்த மணி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. சங்கிலியில் அடுத்திருப்பவை போக, எட்டு சென்டிமீட்டருக்குள் எதுவும் இல்லை. அது யாரையும் தொடவில்லை.

“இது ஒண்ணும் பண்ணாது தங்கராஜு. ரெண்டு பக்கமிருந்து வந்தாலும் ஒண்ணும் பண்ணாது” என்றார்.

அப்படியானால் குழந்தைக்கு ஏன் இரத்தம் உடைந்தது என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். அடுத்த அறையில் சோதித்திருக்கிறார்கள். இந்த ஊரில் எத்தனையோ ஆண் குழந்தைகளுக்கு இருக்கும் ஒரு நொதிக் குறைதான், அந்தப் புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாச்சை உருண்டை வாசனை பட்டால் இரத்தம் உடையும். மழை வந்ததென்று சந்திரமதி அந்த உருண்டை போட்டு வைத்த பெட்டியிலிருந்து பழைய கம்பளியை எடுத்துப் போர்த்தியிருக்கிறாள். வாரத்துக்கு ஒரு குழந்தை இப்படி வரும், ஒரு பாட்டில் ஏற்றினால் நாலாம் நாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் என்றார். சொல்லிவிட்டு டாக்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவர் அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். கடுதாசி எழுதியது நான். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தது நான். இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று சொல்லவைத்ததும் நான். பொருந்திய இரத்தத்தைத் தெரிந்தே நாலு நாள் தடுத்ததும் நான். எல்லாம் நிதானமாக, காரணத்தோடு செய்தது. கையெழுத்துப் போடத் தயார்.

ஒரே ஓர் உதவி. சந்திரமதி மறுபடி முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம். போன வாரம் அக்கா சோறு கொண்டுவந்தபோது சொன்னார். பிறந்து ஆறு மாதம் ஆனதும் குழந்தையின் இரத்தத்தில் ஒரு குப்பி லீலாவிடம் போகாமல் எனக்கு வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அடைத்துவைத்த இந்தப் பன்னிரண்டு நாளில் மனப்பாடமாகவே அட்டவணையை மறுபடி போட்டுவிட்டேன். புரதம் தனியாக இருப்பதில்லை ஐயா, நாலு சங்கிலி சேர்ந்துதான் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பக்கத்துச் சங்கிலியைத் தொடுமா என்று டாக்டர் பார்க்கவே இல்லை. தொடும் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை இரண்டு கட்டம் விட்டுத்தான் எண்ணியிருக்கிறேன்.